க்யூ இருந்து யூ இல்லாத ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் எவை? பட்டியலை மனப்பாடம் செய்து ஆடுவது ஏமாற்று வேலையா?

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் க்யூ கட்டை கையில் மாட்டிக்கொண்டு, நீங்கள் வைத்த சொல்லைப் பார்த்து யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். கேள்வியின் இரண்டாம் பாதி எனக்கு அப்படித்தான் கேட்கிறது. முதலில் சொற்களைத் தந்துவிடுகிறேன்.

ஃபக்கீர்: எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர். நிகாப்: என், ஐ, க்யூ, ஏ, பி. தலாக்: டி, ஏ, எல், ஏ, க்யூ. கனாத்: க்யூ, ஏ, என், ஏ, டி. ஈரானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சமவெளிக்குக் கொண்டுவரும் நிலத்தடிக் கால்வாய்க்கு இந்தப் பெயர். ட்ராங்க்: டி, ஆர், ஏ, என், க்யூ. மனப்பதற்றத்தைத் தணிக்கும் மருந்துக்கான சுருக்கப் பெயர் இது. புர்காவிலும் க்யூ உண்டு, யூவும் உண்டு. ஆனால் யூ முன்னாலேயே வந்துவிடுவதால் க்யூவை அடுத்து ஏ வருகிறது. பலகையில் யூ ஏற்கெனவே கிடந்தால் இதுவும் உதவும்.

முதல் நான்கையும் பாருங்கள். எல்லாம் அரபியிலிருந்து வந்தவை. அரபியில் தொண்டையின் அடியிலிருந்து எழும் ககர ஒலிக்குத் தனி எழுத்து இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அதற்கு க்யூவை ஒதுக்கினார்கள். அதனால்தான் பக்கத்தில் யூ தேவைப்படவில்லை. ஃபக்கீர், நிகாப், தலாக் மூன்றும் தமிழ்ச் செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் தெரிந்தவை. மனப்பாடம் என்று பயப்படவே வேண்டாம், எழுத்துக்கூட்டலை மட்டும் பழகினால் போதும்.

சரி, ஏமாற்று வேலையா என்ற கேள்விக்கு வருகிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஸ்கிராபிள் ஆடுவோம். ஒருநாள் நான் நிகாப் வைத்தேன். க்யூவுக்குப் பத்து, பிக்கு மூன்று, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று, ஆகப் பதினாறு. சொல்லின் மதிப்பை இரட்டிப்பாக்கும் கட்டம் அதில் அடங்கியதால் முப்பத்திரண்டு. எங்களில் ஒருவர் ஆங்கில இலக்கியம் படித்தவர். "இதெல்லாம் ஆங்கிலமே இல்லை, எங்கேயோ பட்டியலைப் பார்த்துக் கொட்டுகிறீர்கள்" என்றார். அகராதியைத் திறந்து காட்டினேன். "இருந்தாலும் இது படிப்பால் வந்த சொல் இல்லையே" என்றார். அந்த வார்த்தை எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவர் பள்ளியில் படித்துத் தெரிந்துகொண்டார், நான் இரவில் உட்கார்ந்து பட்டியலைப் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டும் படிப்புதானே? வட அமெரிக்கப் போட்டி விதிப்படி ஆடியிருந்தால், சரியான சொல்லை மறுத்ததற்காக அவர் தன் முறையையே இழந்திருப்பார்.

நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. சொற்பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொண்டு போய் ஆடினார். 2024இல் ஸ்பானிஷ் பட்டத்தையும் அப்படியே வென்றார். அதை ஏமாற்று என்று போட்டி நடத்தியவர்கள் யாரும் சொல்லவில்லை. பொருள் தெரியாமல் சொல் எதற்கு என்று இங்கே கருத்துப் பெட்டியில் சிலர் கேட்பார்கள், தெரியும். பொருள் தெரிந்தால் நல்லதுதான், நானே ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தவன். ஆனால் இந்த ஆட்டம் பொருளைக் கேட்பதில்லை, எழுத்தின் வரிசையைத்தான் கேட்கிறது. ஆட்டம் நடக்கும்போது கைபேசியில் தேடினால் அது ஏமாற்று. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இதே நண்பர் உச்சரிப்பிலும் அப்படித்தான். ரசீதுக்கான ஆங்கிலச் சொல்லில் பி ஒலிக்காது என்று பத்துப் பேர் முன்னால் ஒருவரை நிறுத்தித் திருத்தினார். அந்த மனிதர் அதற்கப்புறம் அன்று வாயே திறக்கவில்லை. புத்தகத்தில் மட்டும் பார்த்துக் கற்ற சொல்லை ஒருவர் எழுத்தில் இருக்கிறபடிதான் சொல்வார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லத் தோன்றியது.

க்யூவைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆங்கில ஸ்கிராபிளின் நூறு கட்டைகளில் க்யூ ஒன்றே ஒன்று, யூ நான்கு. அந்த நான்கும் போய்விட்டால் உங்கள் க்யூ கையிலேயே நிற்கும். எதிராளி முதலில் கட்டைகளை முடித்துவிட்டால் உங்களுக்குப் பத்துக் குறையும், அவருக்குப் பத்துக் கூடும், அதாவது இருபது புள்ளி வித்தியாசம். அதனால் ஐந்தெழுத்துக்குக் காத்திருக்காதீர்கள். சீன மொழியிலிருந்து வந்த கீ, அதாவது க்யூவும் ஐயும் மட்டும், உயிராற்றலைக் குறிக்கும் இரண்டெழுத்துச் சொல். 2006 முதல் அது வட அமெரிக்காவில் ஆட்டத்துக்கு ஏற்கும் சொற்களின் பட்டியலிலும் இருக்கிறது. இதைவிட உதவும் க்யூ சொல் வேறில்லை.

மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்கும் இணைய ஆட்டமான வேர்டிலுக்காகக் கேட்டிருந்தால் மேலே சொன்னவற்றில் நேரம் செலவிட வேண்டாம். ஜோஷ் வார்டில் அதை உருவாக்கியபோது, ஏறத்தாழ 12,000 ஐந்தெழுத்துச் சொற்களிலிருந்து அவருடைய இணையர் தனக்குத் தெரிந்த சுமார் 2,500 சொற்களைத்தான் விடைகளுக்கு எடுத்துவைத்தார். விடை பெரும்பாலும் அன்றாடச் சொல்லாக இருப்பது அதனால்தான். அங்கே க்யூ வந்தால் அடுத்தது யூ என்றே வைத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்து எதுவுமே பொருந்தவில்லை என்றால் ஒய்யைப் போட்டுப் பாருங்கள்: நிம்ஃப், க்ரிப்ட், ட்ரிஸ்ட், க்ளிஃப் (ஜி, எல், ஒய், பி, எச்).

பட்டியல் தரும் தளங்கள் பல, எந்த அகராதியின்படி என்று சொல்வதே இல்லை. வட அமெரிக்கப் பட்டியலும், பிற நாடுகளில் பெரும்பாலும் பயன்படும் காலின்ஸ் பட்டியலும் வேறு வேறு, காலின்ஸில் சொற்கள் அதிகம். எந்த அகராதி என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் யாராவது "இது ஆங்கிலமே இல்லை" என்றால் அந்த அகராதியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.