ராஜினாமாக் கடிதத்தை இப்போது எழுத வேண்டாம்

(2021 ஜனவரி)

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் வசிக்கிறேன். வயது 46. 2016 செப்டெம்பரிலிருந்து நம்மவர் ஒருவரின் கேட்டரிங் நிறுவனத்தில் சமையல் வேலை. கல்யாணமும் பூப்புனித நீராட்டு விழாவும் நின்றுபோனதால் கடந்த ஏப்ரலிலிருந்து ஃபர்லோவில் (கொரோனாவால் வேலை நின்றவர்களின் சம்பளத்தில் 80 சதவீதத்தை முதலாளி மூலம் அரசு தரும் திட்டம்) இருக்கிறேன். 1,600 பவுண்ட் சம்பளத்துக்குப் பதில் 1,280 வருகிறது. இப்போது ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் முழுநேர வேலை கிடைத்திருக்கிறது. பெப்ரவரி 1 தொடங்க வேண்டும். முதலாளியோ, நான் விலகினால் இதுவரை எனக்காக வாங்கிய ஃபர்லோ பணத்தை அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டிவரும் என்கிறார். நோட்டீஸ் காலத்துக்கு 80 சதவீதம்தான் தருவாராம். வீட்டில் இருந்ததால் விடுமுறைப் பணமும் கிடையாதாம். வேலைக் கடிதத்தில் நோட்டீஸ் ‘சட்டப்படி’ என்று மட்டும் இருக்கிறது. வேறிடத்தில் வேலை செய்யக் கூடாது என்று எதுவும் இல்லை. எங்கள் விடுமுறை ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. முழுச் சம்பளத்துடன் எட்டு நாள் எடுத்திருக்கிறேன். அவர் எங்கள் ஊர்க்காரர், நான் வந்த புதிதில் வேலை தந்தவர். சண்டை பிடிக்க மனமில்லை. என்ன செய்யலாம்?

— பெயர் வேண்டாம்

பதில்: சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். புதிய வேலைக்குப் போவதற்காகப் பழைய வேலையிலிருந்து இன்றே விலக வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஃபர்லோவில் இருக்கும் ஒருவர் வேறொரு முதலாளியிடம் வேலை செய்யலாம். பழைய வேலையின் ஒப்பந்தம் அதைத் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் தடை இல்லை. முதியோர் இல்லத்தில் முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டே இங்கே 1,280 பவுண்டையும் பெறலாம். இது களவு என்று நினைக்காதீர்கள். அரசின் வழிகாட்டலிலேயே இருக்கும் விதி. அரசிடம் பணம் கேட்கும் முதலாளியின் உரிமை ஒன்றும் இதனால் போகாது. ஒளிக்காமல் அவருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் சமையலறையைத் திறந்து ‘வேலைக்கு வாருங்கள்’ என்று கூப்பிடும் நாளில் எந்த வேலை வேண்டும் என்று முடிவெடுத்தால் போதும். ஃபர்லோத் திட்டத்தை ஏப்ரல் இறுதிவரை நீட்டித்திருக்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள் என்பதற்கு இன்னும் கனமான காரணம் உண்டு. திருமணங்கள் இல்லாத கேட்டரிங் எத்தனை நாள் தாங்கும்? ஏப்ரலுக்குப் பிறகு அவர் ஆட்குறைப்புச் செய்தால், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த உங்களுக்கு ரிடன்டன்சி கொடுப்பனவு உண்டு. 41 வயதுக்கு மேல் வேலை செய்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் ஒன்றரை வாரச் சம்பளம். உங்களுக்கு நான்கு ஆண்டு, ஆகவே ஆறு வாரம். உங்கள் வாரச் சம்பளம் ஏறத்தாழ 369 பவுண்ட். ஆறு வாரத்துக்கு 2,215. அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு வாரம் என்று நான்கு வார நோட்டீஸ், இன்னும் 1,475 பவுண்ட் அளவில். இவற்றை ஃபர்லோவின் 80 சதவீதத்தில் கணக்கிடக் கூடாது, பழைய முழுச் சம்பளத்தில்தான் கணக்கிட வேண்டும் என்று கடந்த ஜூலை 31 முதல் சட்டமே இருக்கிறது. நிறுவனம் நொடித்துப்போனாலும் ரிடன்டன்சி பணத்தைத் தேசியக் காப்புறுதி நிதியிலிருந்து கேட்கலாம். நீங்களாக ராஜினாமாச் செய்தால் ரிடன்டன்சியில் ஒரு பென்ஸ்கூடக் கிடைக்காது.

புதிய வேலையில் இந்தக் காவல் எதுவும் முதல் நாளில் இருக்காது. ரிடன்டன்சிக்கும், அநியாயப் பணிநீக்கம் என்று வழக்குப் போடும் உரிமைக்கும் இரண்டு ஆண்டு ஆக வேண்டும். அங்கே உங்களை ஃபர்லோவிலும் வைக்க முடியாது. 2020 ஒக்டோபர் 30க்குள் அந்த நிறுவனத்தின் சம்பளப் பதிவில் உங்கள் பெயர் வரியலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். சென்ற மார்ச்சில் வேலை மாறியவர்கள் இப்படித்தான் இரண்டு படகுக்கும் நடுவே தண்ணீரில் விழுந்தார்கள். பதிவுக்கான கடைசித் தேதி முதலில் பெப்ரவரி 28 என்றார்கள், பிறகு மார்ச் 19 என்று தள்ளினார்கள், அப்படியும் பலர் வெளியேதான் நின்றார்கள். முதியோர் இல்லத்துச் சமையலறையை மூட மாட்டார்கள் என்பதால் உங்களுக்கு ஆபத்து குறைவு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த வேலையை விட மாட்டேன்.

இனி முதலாளி சொன்னவை. ஃபர்லோ பணத்தைத் திருப்பிக் கட்டும் கதையில் ஒரு துளி உண்மை கலந்திருக்கிறது. 2020 டிசெம்பர் 1 முதல், ஒருவர் நோட்டீஸில் இருக்கும் நாட்களுக்கு முதலாளி அரசிடம் பணம் கேட்க முடியாது. நோட்டீஸ் தொடங்குவதற்கு முன்பு முறைப்படி வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. அவர் தெரியாமல் சொல்லியிருக்கலாம், பயமுறுத்தவும் சொல்லியிருக்கலாம். அதை உங்கள் கணிப்புக்கு விடுகிறேன்.

நோட்டீஸ் விஷயத்தில் அவர் தவறு. நீங்கள் விலகும்போது சட்டப்படி கொடுக்க வேண்டியது ஒரு வாரம். வேலை செய்யத் தயாராக இருந்தும் வேலை இல்லாததால் வீட்டில் இருந்தால், அந்த வாரத்துக்கு முழுச் சம்பளமான 369 பவுண்ட் வர வேண்டும். 295 அல்ல. அது அவருடைய சொந்தப் பையிலிருந்து போகும் என்பதுதான் முகச்சுளிப்புக்குக் காரணம்.

விடுமுறைதான் பெரிய தொகை. ஃபர்லோவில் வீட்டில் இருந்தாலும் விடுமுறை நாள் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு 28 நாள். ஜனவரி முடியும்போது பத்து மாதத்துக்கு 23 நாளுக்கு மேல். எட்டைக் கழித்தால் பதினைந்து சொச்சம். முழுச் சம்பளக் கணக்கில் ஏறத்தாழ 1,130 பவுண்ட். வங்கி விடுமுறைகளையும் (பொது விடுமுறை நாட்கள்) அவர் கழிக்கப் பார்க்கலாம். அந்த நாட்களுக்கு முழுச் சம்பளம் தந்திருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், 80 சதவீதம் தந்திருந்தால் மிச்சத்தைக் கேளுங்கள். விலகாமல் இருப்பதாக முடிவெடுத்தால், மார்ச் 31க்கு முன் இந்த விடுமுறையை எடுத்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். ஃபர்லோவுக்குள்ளேயே விடுமுறை எடுக்கலாம், அந்த நாட்களுக்கு அவர் 100 சதவீதமாக ஈடுசெய்ய வேண்டும்.

ஊர்க்காரர் என்பதை எழுதும்போது உங்கள் கை தயங்கியது தெரிகிறது. வந்த புதிதில் அவர் வேலை தந்தது பெரிய உதவிதான். நான்கு ஆண்டு அடுப்படியில் நின்று நீங்களும் அவருடைய தொழிலைத் தாங்கியிருக்கிறீர்கள். விடுமுறைப் பணம் கேட்பது நன்றிகெட்ட செயல் என்று யாராவது சொன்னால், அவர் தன் சம்பளச் சீட்டில் எதையாவது விட்டுக்கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

தொலைபேசியில் பேச வேண்டாம். இன்றே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: ‘அண்ணா, நான் விலகவில்லை. ஃபர்லோ முடியும்வரை வேறிடத்தில் வேலை செய்யப்போகிறேன். நீங்கள் திறக்கும்போது பேசுவோம். என் விடுமுறைக் கணக்கை எழுதி அனுப்புங்கள்.’ புதிய இடத்தில் பி45 (பழைய வேலையிலிருந்து விலகும்போது தரும் வரிப் படிவம்) கேட்டால், இன்னொரு வேலை இருக்கிறது என்று சொல்லுங்கள். தொடக்கப் படிவத்தில் அதற்கான ‘சி’ கூற்றில் குறியிடுங்கள். அந்தச் சம்பளத்தில் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீத வரி பிடிப்பார்கள், பயந்துவிடாதீர்கள்.

பிறகு ஒருநாள் விலகி, அவர் பணம் தர மறுத்தால் வேலைத் தகராறுகளில் சமரசம் செய்துவைக்கும் ஏகாஸ் அமைப்பிடம் இலவசமாகச் சமரசம் கேட்கலாம். பணம் வர வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் அவகாசம். ஊர்க்காரர்தானே, தருவார் என்று காத்திருந்து அந்தத் தேதியைத் தவறவிட்டவர்களின் கடிதங்கள் இந்த மேசையில் நிறைய இருக்கின்றன.