படை வீரர் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ராணுவப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தர கமிஷன் (ஓய்வு வயது வரை அதிகாரியாகப் பணி) தரும்படி 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே மறுபடி ஏன் வழக்கு?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: விதி மாறியது, கோப்பு மாறவில்லை. 1992-ல் பெண்களை ஐந்தாண்டுப் பணிக்கென்றுதான் எடுத்தார்கள். அது நீண்டு நீண்டு பதினான்கு ஆண்டானது. அதற்குமேல் இருக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒருவருடைய ஆண்டு ரகசிய அறிக்கையை, அதாவது ஆண்டுதோறும் தரும் பணி மதிப்பீட்டை, மேலதிகாரி எவ்வளவு அக்கறையோடு எழுதுவார்? குறுகிய கால கமிஷனில் வந்த ஆண்கள் நிரந்தரப் பணிக்குப் போட்டியிடுவார்கள் என்பதால் அவர்களுடைய அறிக்கைகள் அதை மனதில் வைத்தே எழுதப்பட்டன. பெண்களுடையவை அப்படியல்ல. 2020-க்குப் பிறகு தேர்வு வாரியம் அதே பழைய அறிக்கைகளை எடுத்து, அந்தந்த பேட்ச்சில் தேர்வான ஆண்களில் கடைசி மதிப்பெண் பெற்றவரோடு ஒப்பிட்டது. அதுவும் ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டு வரையிலான அறிக்கைகளைத்தான் பார்த்தது. பிறகு வாங்கிய பாராட்டுகள் கணக்கிலேயே வரவில்லை.

உடல் தகுதியில்தான் வேடிக்கை. ‘ஷேப்-1’ என்பது மனநலம், காது, கை கால், உடல் திறன், கண் ஆகிய ஐந்திலும் முதல் தரம். ஆண்களுக்கு இதைப் பார்த்தது இளவயதில், ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டில். பெண்களுக்கோ நாற்பதைத் தாண்டிய பிறகு. கோப்பில் அளவுகோல் ஒன்றுதான், அளந்த வயதுதான் வேறு.

2021 மார்ச் 25 தீர்ப்பு இரண்டையும் திருத்தியது. வாரியத்தில் 60 சதவீதம் பெற்றவர்களுக்கு, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் குறுக்கே இல்லையென்றால், நிரந்தர கமிஷன். உடல் தகுதியை ஐந்தாம் அல்லது பத்தாம் ஆண்டில் இருந்த நிலையை வைத்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: மகள் பட்டப்படிப்பு இறுதி ஆண்டில் இருக்கிறாள். பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர வழி என்ன? எந்தப் பிரிவு கிடைக்கும்?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: படை அதிகாரிகளுக்கான சி.டி.எஸ். நுழைவுத் தேர்வை எழுதட்டும். இந்த அகாடமிக்கு ஆங்கிலம், பொது அறிவு இரண்டு தாள்கள்தான். தாளுக்கு 100 மதிப்பெண். கணக்கு கிடையாது. பிறகு எஸ்.எஸ்.பி. எனப்படும் படைத் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்காணல், அதற்கு 200. பலர் கழன்றுகொள்வது இங்கேதான். என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் கையில் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாத தனி வழியும் உண்டு. பயிற்சி 49 வாரம்.

காலாட்படை, டாங்கிப் படை இரண்டும் பெண்களுக்கு இன்னும் திறக்கவில்லை. பீரங்கிப் படை 2023-ல் திறந்தது. முதல் ஐந்து பெண் அதிகாரிகள் பரங்கிமலையிலிருந்தே போனார்கள்.

முதல் கட்டப் பணி பத்தாண்டு. நிரந்தரப் பணிக்கான தேர்வில் ஆரம்ப ஆண்டுகளின் அறிக்கைகளும் எடைபோடப்படும். எனவே பயிற்சி வகுப்புகளையும் கடினமான பொறுப்புகளையும் முதல் சில ஆண்டுகளிலேயே அவள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.