சர்வதேச உறவுகள் எம்.ஏ. படிக்கலாமா? ஐ.எஃப்.எஸ். கனவுக்கு உதவுமா?

பி.ஏ. முடித்திருக்கிறீர்கள், ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) ஆசை இருக்கிறது, அதற்காக இந்த எம்.ஏ.வில் சேரலாமா என்று கேட்கிறீர்கள். அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு எழுதலாம். அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்தால் இரண்டாம் தாளில் இந்தப் பாடம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

பாடத்தின் மேலேயே ஆசை என்றால் தயங்காமல் சேருங்கள். எனக்கு அந்த ஆசை வந்தது முதல் செமஸ்டரில் அல்ல. 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கை, ரியலிசம், லிபரலிசம் என்ற கோட்பாடுகள் எல்லாம் மனப்பாடமாகத்தான் போனது. இரண்டாம் வருடம் ஒரு செமினாருக்குக் கச்சத்தீவு எடுத்தேன். நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைக்காரன். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. பேராசிரியர், அந்தத் தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்து, "மீன் பிடிக்கும் உரிமை எந்த வரியில் இருக்கிறது, காட்டு" என்றார்.

ஐந்தாம் பிரிவில் மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று இருந்தது. ஆறாம் பிரிவில் இரு நாட்டுக் கலங்களுக்கும் வழக்கமாக இருந்துவந்த உரிமைகள் தொடரும் என்று இருந்தது. 'மீன்பிடித்தல்' என்ற சொல்லை எங்கும் காணோம். அந்த உரிமையும் பாதுகாக்கப்பட்டுவிட்டது என்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் சொன்னார். ஆனால் 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊர்ப் படகுகள் பிடிபடும்போதெல்லாம் கேட்டு வளர்ந்த சண்டை, எழுதாமல் விட்ட ஒரு சொல்லிலும் பின்னால் வந்த ஒரு கடிதத்திலும் கிடந்தது. ஒரு தாளை இப்படி வரி வரியாகப் படிக்கக் கற்றுக்கொடுத்ததற்காகவே இந்தப் படிப்புக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வேலை விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எம்.ஏ. முடித்த கையோடு வேலை கிடைப்பது கடினம். என்னோடு படித்தவர்கள் நெட் என்ற தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் ஆனார்கள், பத்திரிகைக்குப் போனார்கள், ஆய்வு நிறுவனங்களில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் இரண்டு மூன்று வருடம் இழுத்தது. வீட்டு நிலைமை அதற்கு இடம் கொடுக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே சேர்வது? டெல்லி ஜே.என்.யு.வுக்கும் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பாதுகாப்பு பக்கம் ஆர்வம் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது.

எங்கே சேர்ந்தாலும் முதல் மாதமே ஒரு மொழியைத் தொடங்கிவிடுங்கள். என் வகுப்பில் பலர் பிரெஞ்சுக்குப் போனார்கள். நான் படிப்பை முடித்த பிறகுதான் சிங்களம் பழக ஆரம்பித்தேன். நம் இழுவைமடிப் படகுகள் (டிராலர்கள்) தங்கள் வலையை அறுத்துப்போவதாக யாழ்ப்பாணத்து மீனவர்கள் சொல்வதைத் தமிழிலேயே படித்துவிடலாம். அதைப் பற்றிக் கொழும்பில் சிங்களப் பத்திரிகைகள் எழுதுவதை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன்.