எம்.பி. கையில் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொறடா சொன்னபடிதான் வாக்களிக்க வேண்டும் என்றால், பருவநிலை, சூரிய மின்சாரம் போன்ற விஷயங்களில் ஒரு எம்.பி. தனியாக என்னதான் செய்ய முடியும்?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: வாக்கெடுப்பில் அவர் கை கட்டப்பட்டதுதான். ஆனால் கேள்வி கேட்க எந்தக் கொறடாவின் அனுமதியும் வேண்டாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் (அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் தருபவை), நட்சத்திரமில்லாத கேள்விகள் 230 வரையும் பட்டியலில் ஏறும். குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். வரிசை குலுக்கலில் முடிவாகும். துணைக் கேள்வி எழுப்ப நட்சத்திரக் கேள்வி வேண்டும். ஆனால் பட்டியலில் கீழே இருந்தால் முறை வருவதற்குள் கேள்வி நேரம் முடிந்துவிடும். புள்ளிவிவரம்தான் தேவை என்றால் நட்சத்திரமில்லாததே மேல்; பதில் எழுத்திலேயே வரும்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது கேள்வியை எழுதும் விதத்தில். 'கடல் காற்றாலைக்கு அரசு எடுத்த நடவடிக்கை என்ன?' என்று கேட்டால், பழைய செய்திக்குறிப்பே பதிலாக வரும். மாறாக இப்படிக் கேட்கலாம்: '2024 ஜூனில் அமைச்சரவை ஒப்புதல் தந்த 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட் உண்டு, துறைமுக மேம்பாட்டுக்கு 600 கோடி உண்டு. இதில் ஆண்டுவாரியாக பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, செலவான தொகை எவ்வளவு? டெண்டர் ரத்தாகியிருந்தால் தேதியும் காரணமும் என்ன?' மூன்று தொகைகளையும் சேர்த்துக் கேட்டால் மழுப்ப வழியில்லை. கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. கருத்துச் சொல்லவும் கூடாது.

இன்னொரு பொறி: வீட்டு சோலாருக்கு மின்வாரியம் மீட்டர் மாட்டத் தாமதிக்கிறது என்று கேட்டால், 'மாநில விஷயம்' என்று நிராகரிக்கப்படலாம். அதையே, வீட்டு மாடி சோலாருக்கு ஒன்றிய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டத்தின் வழியாகக் கேளுங்கள்: மாவட்டவாரியாக வந்த விண்ணப்பங்கள், கொடுத்த இணைப்புகள், நிலுவையில் உள்ள மானியம். பணம் ஒன்றிய அரசுடையது, தட்டிக்கழிக்க முடியாது. 'தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்' என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்தில் நிறைவேற்றியாக வேண்டும். அதைக் கண்காணிக்கத் தனிக் குழுவே இருக்கிறது.

கேள்வி: தனிநபர் மசோதா கொண்டுவந்தால் சட்டம் ஆகிவிடாதா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: அமைச்சரல்லாத எம்.பி. கொண்டுவருவதுதான் தனிநபர் மசோதா. 1970க்குப் பிறகு ஒன்றுகூட சட்டம் ஆகவில்லை. 2050க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்க (வெளியிடும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படுவதும் சமமாக)க் கோரி அப்போதைய ஆளுங்கட்சி எம்.பி. ஜெயந்த் சின்ஹா 2021 மார்ச்சில் கொண்டுவந்த மசோதாவும் அப்படியே போயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோவில் பிரதமர் அறிவித்த இலக்கு 2070. ஆனாலும் வீண் என்று சொல்ல மாட்டோம். திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறிய பிறகே, அரசு தன் மசோதாவை எடுத்து வந்தது.

கேள்வி: நிலைக்குழுவுக்கு மசோதா போனால் கிடப்பில் போட்டார்கள் என்றுதானே அர்த்தம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்ட் 3இல் அறிமுகமான எரிசக்தி சேமிப்புத் திருத்த மசோதா, எம்.பி.க்கள் துறைவாரியாக மசோதாக்களை ஆராயும் நிலைக்குழுவுக்கே போகாமல் அன்று நிறைவேறியது. அதே ஆகஸ்ட் 8இல் அறிமுகமான மின்சாரத் திருத்த மசோதா நிலைக்குழுவுக்குப் போய், அவை கலைந்ததும் காலாவதியானது. உங்கள் சந்தேகம் பாதி சரி. ஆனால் வேகமாகப் போன மசோதாவிலும் சிக்கல் உண்டு. கார்பன் வரவுகளை (உமிழ்வைக் குறைத்ததற்குக் கிடைக்கும் சான்றுகளை) வாங்கி விற்கலாம் என்று சட்டம் சொன்னதோடு சரி. எப்படி என்பது 2023 ஜூன் அறிவிக்கையில்தான் வந்தது. இத்தகைய ஓட்டைகளை அடைக்கத்தான் நிலைக்குழு. அதில் 31 பேர், அமைச்சர்களுக்கு இடமில்லை. மூடிய அறையில் அதிகாரிகளைத் துருவிக் கேட்கலாம். பொதுமக்களிடமும் கருத்துக் கேட்டு விளம்பரம் வரும். அப்போது மசோதாவின் பிரிவு எண், மாற்ற வேண்டிய வாசகம், காரணம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். 'இந்த மசோதாவை எதிர்க்கிறோம்' என்ற ஒற்றை வரி எடுபடாது.

கேள்வி: அனல்மின் நிலையப் புகைக்கான விதி நாடாளுமன்றத்தில் பேசாமலே மாறுகிறதே, எப்படி?
– வாசகர், எண்ணூர்

பதில்: அது சட்டமன்று, சட்டத்தின் கீழான விதி. கந்தக டை ஆக்ஸைடுக்கு 2015 டிசம்பரில் வரம்பு வைத்தார்கள். இயங்கும் நிலையங்களுக்கு இரண்டு ஆண்டு கெடு. கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போய், 2025 ஜூலையில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட அலகுகளுக்கு, புகைபோக்கி உயர நிபந்தனையோடு, விலக்கே தந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஓர் அரசிதழ் அறிவிக்கை போதுமானதாக இருந்தது.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 26ஆம் பிரிவின்படி, இத்தகைய விதிகளை இரு அவைகளிலும் 30 நாள் வைக்க வேண்டும். திருத்தத் தீர்மானத்துக்கு எந்த உறுப்பினரும் நோட்டீஸ் தரலாம். அடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள் இரு அவைகளும் ஏற்றால்தான் விதி மாறும். பெரும்பான்மை அரசிடம் இருக்கும்போது அது நடப்பது அரிது. ஆனால் தீர்மானம் விவாதத்துக்கு வந்துவிட்டால் அமைச்சர் காரணம் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான எம்.பி.க்கள் 'அவையில் வைக்கப்பட்ட தாள்கள்' பட்டியலைப் படிப்பதே இல்லை. உங்கள் எம்.பி.யின் உதவியாளரிடம் அந்தப் பட்டியலைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எம்.பி. நிதியில் என் வீட்டு மாடியில் சோலார் போட முடியுமா?
– வாசகர், தேனி

பதில்: முடியாது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும் பொதுச் சொத்துக்கே. அரசுப் பள்ளி மாடிக்குக் கேட்டால், பராமரிப்பது யார் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். துடைக்க ஆளில்லாத பேனல்கள் ஊருக்கு ஊர் உண்டு. உங்கள் வீட்டுக்கு சூர்ய கர் இருக்கிறது: 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம்.