சுத்தியல் அடி விழும் இரவு: போர்ட்டோவுக்கு மாமியாரோடு போகலாமா?

கேள்வி: ஜூன் 23 மதியம் போர்ச்சுகலின் போர்ட்டோ நகருக்குப் போகிறோம். ஆற்றங்கரை ரிபெய்ராவில் அறை போட்டாயிற்று. அன்றிரவு முன்பின் தெரியாதவர்கள்கூடத் தலையில் சுத்தியலால் அடிப்பார்களாமே? எழுபது வயது மாமியாரும் (சுத்த சைவம்) ஒன்பது வயது மகளும் உடன் வருகிறார்கள். தேதியை மாற்றிவிடட்டுமா?

பதில்: தேதியை மாற்றவே வேண்டாம். மாற்ற வேண்டியது அறையைத்தான்.

நீங்கள் போய் இறங்குவது திருமுழுக்கு யோவான் திருநாளின் முந்தைய இரவு. சாவ் ஜுவாவ் என்பார்கள். போர்ட்டோவுக்கு ஆண்டிலேயே பெரிய இரவு அதுதான். ரிபெய்ராவில் கூட்டம் நெரியும், விடியும்வரை சத்தம் ஓயாது, டாக்ஸி வாசல்வரை வராது. மேட்டில், டிரின்டாட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கமாக அறை பாருங்கள். அன்றைக்கு மெட்ரோ வழக்கமாக விடியவிடிய ஓடும்.

சுத்தியலைப் பற்றிய பயம் வேண்டாம். அது பிளாஸ்டிக். உச்சந்தலையில் லேசாகத் தட்டினால் கீச்சென்று கத்தும், அவ்வளவுதான். 1960-களில் மாணவர் விழாவில் புகுந்து, அங்கிருந்து இந்த இரவுக்கு வந்தது. அதற்கு முன்பே இருந்த வழக்கம் பூண்டுச் செடியின் நீளமான பூத்தண்டு. ஊதாப் பூவுருண்டையைப் போகிறவர் வருகிறவர் முகத்தில் உரசுவார்கள், இன்றும் உண்டு. தட்டியவரைத் திருப்பித் தட்டுவதுதான் மரியாதை. மகளுக்கு முதல் வேலையாக ஒரு சுத்தியல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அந்த ஊரில் அன்று அவளைவிட மகிழ்ச்சியான ஆள் இருக்க முடியாது. மாமியார் கண்ணாடி போடுபவர் என்றால் அதை மட்டும் கழற்றிப் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

பயணிகள் பலரும் நள்ளிரவு வாணவேடிக்கைக்காக டோரு ஆற்றங்கரையில் மணிக்கணக்கில் இடம் பிடித்து நிற்கிறார்கள். பெரியவரோடு அது வேண்டாம். விழாவின் உயிர் குடியிருப்புத் தெருக்களில் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கே மிராகயா அல்லது ஃபொன்டைன்யாஷ் பக்கம் போய்விடுங்கள். ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். வண்ணத் தோரணத்துக்கு அடியில் மேசை போட்டு வீட்டுக்காரர்களே மத்தி மீன் சுட்டுக்கொண்டிருப்பார்கள், பாட்டு ஓடும். பத்தரைக்குள் மாமியாரை அறைக்குக் கூட்டி வந்துவிடலாம். அப்புறம் உங்களில் ஒருவர் வேண்டுமானால் வேடிக்கை பார்க்கப் போகலாம். ஆனால் நள்ளிரவை ஒட்டி ஆற்றின் மேலுள்ள லூயிஸ் பாலத்தைக் கடக்கும் திட்டம் மட்டும் வேண்டாம்.

தெருவில் சின்னத் தொட்டிகளில் மன்ஜெரிக்கு விற்பார்கள். நம் திருநீற்றுப்பச்சிலையின் குட்டி உறவு. காகிதப் பூவும் நாலுவரிக் காதல் பாட்டும் செருகியிருக்கும். மூக்கை நேரே கொண்டுபோனால் செடி வாடிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. உள்ளங்கையால் தடவிவிட்டுக் கையை முகர வேண்டும். மாமியாருக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். கால்டு வெர்டே என்ற கீரைச் சூப் பார்க்கச் சைவம்போல இருக்கும், பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். துண்டை எடுத்துவிட்டாலும் சாற்றில் இறங்கியிருக்கும், தவிர்த்துவிடுங்கள். சுட்ட குடைமிளகாய், சோள ரொட்டி, ஆலிவ், சாலட் கிடைக்கும். 24 நகருக்கு விடுமுறை என்பதால் பழம், தயிரெல்லாம் முந்தின நாளே பொல்யாவ் சந்தையில் வாங்கி வையுங்கள்.

ஊர்க்காரர்களுக்குக் 'குடல் தின்னிகள்' என்றே பட்டப்பெயர். 1415-இல் வட ஆப்பிரிக்காவின் செயுட்டா நகர்மீதான படையெடுப்புக்குப் புறப்பட்ட கப்பல்களுக்கு நல்ல இறைச்சியையெல்லாம் கொடுத்துவிட்டு, குடலை மட்டும் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள் என்று கதை. பெருமையாகவே சொல்வார்கள். அந்தப் போர்க்காட்சி சாவ் பென்டு ரயில் நிலையத்தின் நீல ஓட்டுச் சுவரில் இருக்கிறது. பார்க்கக் கட்டணமில்லை, 24 காலைக்குப் பொருத்தமான இடம்.

அன்றைக்கே ரபேலு படகுப் போட்டியும் உண்டு. மலையிலிருந்து ஒயின் பீப்பாய் இறக்கிய பழைய தட்டைப் படகுகள், சதுரப் பாயோடு ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்திலிருந்து லூயிஸ் பாலத்தை நோக்கி வரும். ஓதத்தைப் பொறுத்து நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் முந்தின நாளே விடுதியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.