அந்தச் சோதனையில் எத்தனை பேர்?

கேள்வி: உளவியல் முதுகலை இறுதியாண்டு மாணவி நான். மாணவர்களின் தூக்கமும் நினைவாற்றலும் பற்றி ஆய்வேடு எழுதப் போகிறேன். அதற்கு முன் ஒரு பருவம் முழுக்க நானாகவே படித்து, முன்னாய்வுகளைத் தொகுத்துத் தரச் சொல்லியிருக்கிறார் நெறியாளர். வகுப்பு இல்லை, பாடத்திட்டம் இல்லை. மாதம் ஒரு சந்திப்பு மட்டும். ஏழு வாரத்தில் 140 கட்டுரைகளை இறக்கி வைத்திருக்கிறேன். மஞ்சள் கோடு போட்டுக்கொண்டே போகிறேன். ஒரு பத்தி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இன்னும் படிக்க வேண்டுமா, இத்துடன் நிறுத்தலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: இறக்குவதை இன்றே நிறுத்துங்கள். படிப்பு இனிமேல்தான் தொடங்கப் போகிறது.

நானும் உங்கள் பொருளை ஒட்டியே முதுகலை ஆய்வேடு எழுதியவள். தூங்கி எழுந்தவர்கள், விழித்திருந்தவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் 1924-இல் வெளியிட்ட ஆய்வை முதல் பக்கத்திலேயே காட்டியிருந்தேன். பாடநூல் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்த வரி அது. வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டார்: "அந்தச் சோதனையில் எத்தனை பேரம்மா?"

எனக்குத் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை, அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அந்தத் தாள் புரண்ட சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் நூலகத்தில் மூலக்கட்டுரையைத் தேடி எடுத்தேன். இரண்டு பேர். கல்லூரி மாணவர்கள் இருவர், அவ்வளவுதான். பொருளற்ற பத்து அசைகளைக் கொண்ட பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, 1, 2, 4, 8 மணி நேரம் கழித்து ஒப்பிக்க வேண்டும். சில முறை தூங்கி எழுந்து, சில முறை விழித்திருந்து. ஆள் இரண்டே என்றாலும், அவர்களிடமே திரும்பத் திரும்பச் சோதித்திருக்கிறார்கள். அது மோசமான ஆய்வு அன்று, அழகான ஆய்வு. பழைய பதிவு தானாகத் தேய்வதால் மட்டும் மறதி வருவதில்லை, விழித்திருக்கும்போது புதிய அனுபவங்கள் வந்து குறுக்கிடுவதே பெரிய காரணம் என்று வாதிட்டிருந்தார்கள். என் ஆய்வேட்டுக்கு மிகவும் வேண்டியிருந்த கருத்து அதுதான். பாடநூல் வரியை நம்பியதால் அதைத் தவறவிட்டேன்.

உங்கள் 140-க்கு வருவோம். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு சுருக்கங்களை மட்டும் படித்து, பதினைந்து கட்டுரைகளைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றைத் தனிக் கோப்புறையில் போட்டுவிட்டு, குற்ற உணர்ச்சி இல்லாமல் மூடிவிடுங்கள். பதினைந்தையும் ஆண்டு வரிசையில் படியுங்கள். இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். கண்கள் வேகமாக அசையும் தூக்க நிலையை அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-இல்தான் அறிவித்தார்கள். 1924-இன் ஆய்வாளர்களால் 'தூக்கமா, விழிப்பா?' என்றுதான் கேட்க முடிந்தது. 'எந்த நிலைத் தூக்கம்?' என்று கேட்க வழியே இல்லை. ஆண்டு வரிசையில் படித்தால், கேள்வியே எப்படி மாறிக்கொண்டு வந்தது என்று புரியும். தேடுபொறி தரும் வரிசையில் படித்தால் எல்லாரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பேசுவது போலத்தான் கேட்கும்.

ஒவ்வொரு கட்டுரையையும் படித்து முடித்ததும் மூடிவிட்டு, பார்க்காமல் ஐந்து வரி எழுதுங்கள். பிறகு திறந்து சரிபார்த்துப் பக்க எண்ணைக் குறியுங்கள். மஞ்சள் கோடு வேண்டாம். கோடு போடும்போது புரிந்தது போலவே இருக்கும். எழுதும்போதுதான் எது புரியவில்லை என்று தெரியவரும்.

கூடவே ஓர் அட்டவணை. அதில் நான் கட்டாயம் சேர்க்கச் சொல்லும் கட்டம் ஒன்று உண்டு: தூக்கத்தை எதை வைத்து அளந்தார்கள்? சிலர் 1989-இல் வந்த பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோலைக் கொடுத்து, கடந்த ஒரு மாதம் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டிருப்பார்கள். சிலர் மணிக்கட்டில் கருவி கட்டியிருப்பார்கள். சிலர் ஆய்வகத்தில் படுக்கவைத்து மூளை அலைகளைப் பதிந்திருப்பார்கள். நினைவாற்றலுக்கும் அதே கதைதான்: ஒருவருக்குச் சொல் இணைகள், இன்னொருவருக்குத் தேர்வு மதிப்பெண். ஒரு கட்டுரை 'தொடர்பு உண்டு' என்றும் மற்றொன்று 'இல்லை' என்றும் சொன்னால், இந்தக் கட்டத்தைப் பாருங்கள். அவர்கள் சண்டையே போடவில்லை, வேறு வேறு பொருளை அளந்திருக்கிறார்கள் என்பது பல முறை அங்கே தெரிந்துவிடும். அதை உங்கள் சொற்களில் எழுதுங்கள். கை ஓடாத அந்த முதல் பத்தி அதுதான்.

விட்டுப்போனவற்றை, தேர்ந்தெடுத்த கட்டுரைகளின் துணைநூற்பட்டியல் வழியாகப் பின்னோக்கியும், கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக்கட்டுரைத் தேடுபொறியில் அவற்றை எடுத்தாண்டவர்கள் வழியாக முன்னோக்கியும் பிடித்துவிடலாம். பார்த்த பெயர்களே திரும்பத் திரும்ப வந்தால் தேடியது போதும்.

நெறியாளரிடம் 'இவ்வளவு படித்தேன்' என்று போகாதீர்கள். முரண்படும் இரண்டு கட்டுரைகளையும், அதற்கு நீங்கள் நினைக்கும் காரணத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தச் சந்திப்பு வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: மூலக்கட்டுரை கிடைக்காவிட்டால், வேறொருவர் கட்டுரையில் உள்ள மேற்கோளை எடுத்துப் போடலாமா?
– ஆய்வு மாணவர் ஒருவர்

பதில்: போடலாம், 'இன்னார் எடுத்தாண்டபடி' என்று வெளிப்படையாக எழுதிவிட்டு. மூலத்தையே படித்தது போலக் காட்டக் கூடாது. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-இல் வேடிக்கையான ஒரு தடயத்தைப் பின்தொடர்ந்தார்கள். பக்க எண்ணிலோ தொகுதி எண்ணிலோ ஒருவர் செய்த அச்சுப்பிழை, அடுத்தடுத்த கட்டுரைகளிலும் அப்படியே வருகிறது. மூலத்தைப் பார்த்தவர் அதே பிழையைச் செய்வது அரிது. இதை வைத்துக் கணக்கிட்டு, மேற்கோள் காட்டுபவர்களில் சுமார் 20 விழுக்காட்டினரே மூலத்தைப் படிக்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். மதிப்பீடுதான். ஆனால் படிக்காத அந்தப் பெரிய கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இருந்ததால், அந்த எண்ணைப் பார்த்தபோது உறுத்தியது. முதலில் நூலகரிடம் கேளுங்கள். வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பினாலும் பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கட்டுரைப் பட்டியல் கேட்டால் நொடியில் தருகிறது. எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர்

பதில்: அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதப்படாத கட்டுரைகளையும் உண்மையான ஆசிரியர் பெயர், இதழ்ப் பெயரோடு அது தந்துவிடும். ஒவ்வொன்றின் டிஓஐ எண்ணையும், அதாவது இணையத்தில் அந்தக் கட்டுரைக்கென்றே உள்ள அடையாள எண்ணையும், போட்டுப் பாருங்கள்; கட்டுரை திறக்க வேண்டும், தலைப்பும் பொருந்த வேண்டும். புரியாத புள்ளியியல் சொல்லை விளக்கச் சொல்லலாம், அதையும் பாடநூலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கட்டுரையை மூடிவிட்டு எழுதுங்கள் என்று முதல் பதிலில் சொன்ன அந்த ஐந்து வரிகளை மட்டும் அதனிடம் கொடுத்துவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வு அறையில் நீங்கள்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.