கை தானாக உயர்ந்ததா?

வணக்கம் சார்,

மான்செஸ்டரில் ஐடி வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். இங்கே ஹிப்னாடிசத்தில் ஆர்வம் உள்ளவர்கள் மாதம் ஒருமுறை ஒரு பப்பின் மாடியறையில் கூடுகிறோம். சிகிச்சை தருபவர்கள் ஓரிருவர், மேடையில் மேஜிக் செய்பவர் ஒருவர், மற்றவர்கள் என்னைப்போல யூடியூப் பார்த்துக் கற்றவர்கள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பழகுவோம்.

முதல்முறை போனபோது, மணிக்கட்டில் ஹீலியம் பலூன் கட்டியிருப்பதாக நினைக்கச் சொன்னார்கள். கை மெல்ல மேலே வந்தது. ஆனால் எனக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, கீழே கால்பந்து பார்த்தவர்கள் போட்ட கூச்சல் உட்பட. எதிரில் இருந்தவர் மனம் கோணக்கூடாது என்று நானேதான் தூக்கினேனோ என்று இன்னமும் சந்தேகம்.

போன மாதம் என் முறை. எதிரே ஒரு பெண்மணி. "உங்களுக்குப் பிடித்த பழைய இடம் ஒன்றுக்குப் போங்கள்" என்றேன். கொஞ்ச நேரத்தில் கண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டது. எனக்கு வெலவெலத்துப்போய், ஒன்று இரண்டு மூன்று எண்ணி எழுப்பிவிட்டேன். "ஒன்றுமில்லை, பாட்டி வீடு" என்று சொல்லிவிட்டு அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

எங்கள் ஊர்க் கொடையில் சாமியாடுபவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதுவும் இதுவும் ஒன்றுதானா? தொடர்ந்து போகலாமா? மனைவி வேண்டாம் என்கிறாள்.

எஸ்., மான்செஸ்டர்

*

அன்புள்ள எஸ்.,

இதற்கு நீங்கள் இருப்பது சரியான ஊர். 1841 நவம்பரில் லஃபோன்டேன் என்ற பிரெஞ்சு மெஸ்மரிசக்காரர், அதாவது உடலைத் தடவி காந்த சக்தியைப் பாய்ச்சி மயக்கத்தில் ஆழ்த்துவதாகச் சொல்பவர், மான்செஸ்டரில் மேடை நிகழ்ச்சி நடத்தினார். ஜேம்ஸ் பிரெய்ட் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அங்கே வேலை பார்த்துவந்தார். எல்லாம் பித்தலாட்டம் என்ற எண்ணத்தோடுதான் பார்க்கப் போனார். ஆனால் மேடையில் இருந்தவரால் மூடிய இமையைத் திறக்க முடியவில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. கண்ணைக் களைக்கவைத்தாலே இது நடக்குமோ என்று வீட்டிலேயே சோதித்துப் பார்த்தார். நண்பர் ஒருவரை உட்காரவைத்து, ஒயின் பாட்டிலின் உச்சியையே வெறித்துப் பார்க்கச் சொன்னார். மூன்று நிமிடத்தில் இமை மூடியது, கண்ணீர் வழிந்தது, தலை சாய்ந்தது. அடுத்து மனைவி. அவருக்கு ஒரு பீங்கான் சர்க்கரைக் கிண்ணத்தின் அலங்கார வேலைப்பாடு. அதற்கும் அடுத்து, மெஸ்மரிசம் என்றால் என்னவென்றே தெரியாத வேலைக்காரர். உங்கள் மாடியறைக் கூட்டத்துக்கு இதைவிடப் பழைய முன்னோடி வேண்டுமா? பிரெய்டின் மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்த வீட்டில் யாரும் யாரையும் தடவிக்கொடுக்கவில்லை, காந்த சக்தி எதையும் பாய்ச்சவில்லை. ஒரு பாட்டிலும் ஒரு கிண்ணமும் போதுமானதாக இருந்தன. நடந்ததெல்லாம் உட்கார்ந்திருந்தவருக்குள் நடந்தது. பிரெய்டுக்கு முன்பே இதைச் சொன்னவர் கோவாவின் கண்டோலிம் ஊர்க்காரரான அபே ஃபாரியா என்ற பாதிரியார். 1813-இல் பாரிஸில் அமர்வுகள் நடத்த ஆரம்பித்தவர். என்னிடம் சக்தி எதுவும் இல்லை, எல்லாம் எதிரே இருப்பவரிடம்தான் என்று அடித்துச் சொன்னார். அவருக்கு பணஜியில் பழைய தலைமைச் செயலகத்தின் பக்கத்தில் ஒரு சிலை இருக்கிறது. அதில் அவர் இரு கையையும் விரித்துப் பாய்ந்து நிற்கிறார், ஒரு பெண் அப்படியே பின்னால் சரிகிறாள். பாவம் மனிதர். வாழ்நாளெல்லாம் எதை மறுத்தாரோ அதையே வெண்கலத்தில் வார்த்து நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் கூட்டத்தில் எல்லாரும் அந்தச் சிலை மாதிரி நிற்கத்தான் பழகுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். குரலைத் தாழ்த்துவது, விரலைச் சொடுக்குவது, 'தூங்கு' என்று அதட்டுவது எல்லாம் சரிதான், செய்து பாருங்கள். ஆனால் அதில் கற்க வேண்டியது கொஞ்சம்தான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹோஃபர், ஹில்கார்ட் என்ற உளவியலாளர்கள் 1959-இல், ஒருவர் எவ்வளவு எளிதில் ஹிப்னாடிசத்துக்கு ஆட்படுவார் என்று அளக்க ஒரு அளவுகோல் உருவாக்கினார்கள். எல்லாருக்கும் ஒரே வாசகத்தைப் படித்துக்காட்டிவிட்டு, 12 சோதனைகளில் எத்தனைக்கு உடன்படுகிறார்கள் என்று பார்ப்பார்கள். கை கனத்துத் தாழ்வது போன்றவற்றில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். இல்லாத ஈயின் ரீங்காரத்தைக் கேட்பது மாதிரியானவற்றில் அதைவிடக் குறைவான பேர்தான். மிக எளிதில் ஆழ்ந்துபோகிறவர்கள் நூற்றுக்குப் பத்து பதினைந்து பேர். ஏறக்குறைய அதே அளவினருக்கு அநேகமாக எதுவுமே ஆவதில்லை. மாணவப் பருவத்தில் சோதித்தவர்களையே 25 ஆண்டு கழித்துத் திரும்பச் சோதித்து 1989-இல் முடிவை வெளியிட்டார்கள். பலருக்கும் மதிப்பெண் பெரிதாக மாறியிருக்கவில்லை. ஆக, ஒரு நாள் உங்களுக்கு 'சூப்பராக வந்தது' என்றால், சூப்பரான ஆள் எதிரே வந்து உட்கார்ந்தார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நடித்தேனோ என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாம் கேட்டதில் அதிசயம் இல்லை. சினிமாவில் காட்டுவதுபோல நினைவு தப்பிப்போவதில்லை, கூச்சல் கேட்கும், மூக்கு அரிக்கும். அதே சமயம் உங்கள் சந்தேகமும் வீணல்ல. இப்படிப்பட்ட கூட்டங்களில் இரண்டு பேரும் நல்லவர்கள். செய்பவர் தோற்கக்கூடாது என்று உட்கார்ந்திருப்பவர் நினைப்பார். இந்த முகதாட்சண்யம் கையைத் தூக்கிவிட வல்லது. அதனால் முடிந்ததும் கைதட்டிவிட்டு அடுத்த ஜோடிக்குப் போகாதீர்கள். "நீங்களாகத் தூக்கினீர்களா, தானாக எழுந்த மாதிரி இருந்ததா, இரண்டும் கலந்தா?" என்று கேட்டு, வரும் பதிலை நம்புங்கள். ஆரம்பிக்கும்போதே "கை எழலாம், எழாமலும் போகலாம், எதுவானாலும் சரி" என்று சொல்லிவிட்டால் பாதிப் பாசாங்கு குறைந்துவிடும். உங்களுக்கு நடந்தது கலப்பாக இருக்கும் என்பது என் ஊகம். பலருக்கும் அப்படித்தான்.

அந்தப் பெண்மணி விஷயம்தான் முக்கியம். 'பிடித்த பழைய இடம்' என்பது கேட்க நிரபாயமாக இருக்கிறது. ஆனால் பழைய இடம் என்றாலே இப்போது இல்லாத ஆட்களும் கூடவே வருவார்கள். அறிமுகமில்லாத ஒருவரைக் கண்ணை மூடவைத்து அங்கே அனுப்பக்கூடாது. கடற்கரை, மலைப்பாதை என்று யாருக்கும் சொந்தமில்லாத இடமாகச் சொல்லுங்கள். சின்ன வயதுக்குக் கூட்டிப்போவதை அடியோடு விட்டுவிடுங்கள். பார்க்க நாடகமாக இருப்பதால் கூட்டங்களில் அதற்கு மவுசு உண்டு. ஆனால் அதில் கிளம்பி வரும் நினைவுகளை நம்ப முடியாது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985-லேயே ஒரு அறிக்கையில் இதைச் சொல்லிவிட்டது. நினைவின் துல்லியம் கூடுவதில்லை, அது நிஜம்தான் என்ற நிச்சயம் கூடிவிடலாம். யாரோ ஒருவர் தன் குடும்பத்தைப் பற்றி நடக்காத ஒன்றை நடந்ததாக நம்பிக்கொண்டு மாடியிறங்கிப் போனால் யார் பொறுப்பு?

கண்ணீர் வந்தால் பதறவேண்டாம். சடாரென்று எண்ணி எழுப்பியது உங்கள் பயத்துக்காகத்தான். அவர் பாட்டி வீட்டிலிருந்து பப் மாடிக்கு மூன்று நொடியில் வந்து விழுந்திருக்கிறார். குரலை மாற்றாமல், "கண்ணீர் வரட்டும், பரவாயில்லை. முதுகுக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறது, காலுக்குக் கீழே தரை இருக்கிறது, நாம் இந்த அறையில்தான் இருக்கிறோம்" என்று மெல்லக் கூட்டிவாருங்கள். கையைத் தொடவேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கவேண்டும். கொடுத்த சஜஷன் ஒவ்வொன்றையும் வாயால் சொல்லி நீக்குங்கள்: பலூன் இல்லை, கை பழையபடி உங்கள் கை. அப்புறம் தண்ணீர் கொடுத்துப் பக்கத்திலேயே உட்காருங்கள்.

கொடையும் இதுவும் ஒன்றா என்றால், இல்லை. அங்கே ஆடுபவருக்கு ஊர் இருக்கிறது, தெய்வம் இருக்கிறது, குறி சொல்லும் கடமை இருக்கிறது. அதைச் சோதனைக்கூட அளவுகோலில் அடைக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஆடுபவர் பக்கத்தில் இடுப்பைப் பிடித்தபடி ஒருவர் நின்றுகொண்டே இருப்பார். சாமி மலையேறியதும் திருநீறு பூசி, தண்ணீர் கொடுத்து, ஓரமாக உட்காரவைப்பார். அவர் வீடு திரும்பும்வரை ஒரு கண் வைத்திருப்பார்கள். உங்கள் மாடியறையில் அந்த ஆள் யார் என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். அந்தப் பெண்மணிக்கும் "அன்றைக்கு வீட்டுக்குப் போனபிறகு பரவாயில்லையா?" என்று ஒரு வரி அனுப்புங்கள். பாட்டியைப் பற்றி எதுவும் விசாரிக்க வேண்டாம்.

தொடர்ந்து போங்கள். குடித்துவிட்டு உட்காருவதும் உட்காரவைப்பதும் வேண்டாம். வலிப்பு, மனநோய்ச் சிகிச்சை உண்டா என்று முதலில் கேளுங்கள். நிற்கவைத்துக் கையை வெடுக்கென்று இழுத்துச் சரியவைக்கும் வித்தையை அந்த மேஜிக் நண்பர் ஆசையாகச் சொல்லிக்கொடுப்பார். தோளும் கழுத்தும் உங்களுடையதல்ல என்பதால் மறுத்துவிடுங்கள்.

அவர் "வாருங்கள், கீழே போய்ச் செய்து காட்டலாம்" என்று கூப்பிட்டாலும் இறங்காதீர்கள். உங்கள் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் ஹிப்னாடிசம் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பொதுமக்கள் வந்துபோகும் கேளிக்கை நிகழ்ச்சியில் ஹிப்னாடிசம் செய்து காட்ட, டிக்கெட் இல்லாவிட்டாலும், முறையான அனுமதி வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர்களை அதில் உட்காரவைக்கவே கூடாது. உங்கள் மனைவியை ஒருமுறை கூட்டிப்போய்ச் சும்மா ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.